ஆயுத பூஜைப் பொரியும் குமாரும்

கேள்வி:

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 34 வயது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஆபரேட்டராக இருக்கிறேன். தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜையைப் பெரிதாகச் செய்வார்கள். மெஷினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, கடைசியில் ஆளுக்கு ஒரு கவரில் பொரி, கடலை, வாழைப்பழம், ஸ்வீட் கொடுப்பார்கள். பூஜை நடக்கும்போது நான் கேன்டீன் பக்கம் போய் நின்றுகொள்வேன். கவரை மட்டும் வாங்கிக்கொள்வேன். பல வருஷமாக இப்படித்தான். இந்த வருஷமும் வாங்கி, அங்கேயே பிரித்துச் சாப்பிட்டேன்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு தம்பி இருக்கிறார். நான்தான் அவரைச் சபைக்கு அழைத்து வந்தேன். இந்த ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தார். நான் சாப்பிட்டதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவர் வீட்டுப் பூஜையில் அம்மா கூப்பிட்டதும் போய் நின்று, விபூதி வைத்துக்கொண்டு, படையலையும் சாப்பிட்டிருக்கிறார். அதற்கப்புறம் ஜெபக்கூட்டத்துக்கு வருவதில்லை. திருவிருந்து ஞாயிறன்று வந்தார், ஆனால் எழுந்து போய் அப்பமும் ரசமும் வாங்காமல் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

இது எப்படியோ சபைக் கமிட்டியில் இருக்கும் ஒரு பெரியவர் காதுக்குப் போய்விட்டது. ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் "உன்னால ஒரு ஆத்துமா போச்சு, உன் சாட்சி கெட்டுப்போச்சு" என்று சத்தம் போட்டார். என் மனைவி நெயில் பாலிஷ் போடுவதற்கும், பொங்கலுக்கு வாசலில் கோலம் போடுவதற்கும், நான் ஞாயிறு மத்தியானம் கிரிக்கெட் ஆடப் போவதற்கும் ஏற்கெனவே சத்தம் போட்டவர்தான் இவர். "நாலு பொரிக்கு இவ்வளவு பஞ்சாயத்தா, விடுங்க" என்கிறாள் என் மனைவி. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அப்போஸ்தலன் பவுலே வேதத்தில் எழுதியிருக்கிறாரே ஐயா? கிறிஸ்து கொடுத்த சுயாதீனம் என்ன ஆச்சு? இன்னும் எத்தனை பேருக்குப் பயந்து நான் வாழவேண்டும்?

— ஒரு சகோதரர், கோயம்புத்தூர்

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

முதலில் அந்தத் தம்பியைப் போய்ப் பாருங்கள். அவரைக் குமார் என்று வைத்துக்கொள்வோம். முடிந்தால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே கிளம்புங்கள். உங்கள் கடிதம் குமாரில் தொடங்குகிறது. கேள்வி கேட்கும் இடத்துக்கு வரும்போது அவரைக் காணோம், பெரியவர் மட்டும்தான் இருக்கிறார். எல்லார் முன்னாலும் அவமானப்பட்ட கோபம், புரிகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் உண்மையாக அடிபட்டவர் குமார்தான்.

"எத்தனை பேருக்குப் பயந்து" என்று கேட்கிறீர்கள் அல்லவா, அந்த ஒரு வார்த்தையில் குமாரையும் பெரியவரையும் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். அதைத்தான் நான் அவிழ்க்கப் பார்க்கிறேன். இரண்டு பேரும் உங்கள் பொரியால்தான் வருத்தப்பட்டார்கள். ஆனால் ஒருவருக்கு நீங்கள் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். இன்னொருவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

குமார் பக்கமிருந்து பாருங்கள். உங்கள் வீட்டில் பொரி என்றால் டீயோடு சாப்பிடுகிற நொறுக்குத்தீனி. தாத்தா காலத்திலிருந்தே உங்கள் வீட்டில் படையல் கிடையாது, சூடம் கிடையாது. குமாருக்கு அப்படியா? சின்ன வயதில் அரிவாள்மனை, சுத்தியல், அப்பாவின் சைக்கிள், தன்னுடைய பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, அம்மா கையால் அள்ளிக்கொடுத்த பொரியை வாங்கித் தின்று வளர்ந்திருப்பார். கும்பிடுவதும் சாப்பிடுவதும் அவருக்குத் தனித்தனி வேலை கிடையாது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு வருகிற முதல் ஆயுத பூஜை இது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே, சாயங்காலம் அம்மா தட்டை நீட்டினால் என்ன சொல்வது என்கிற யோசனையோடுதான் வந்திருப்பார். அந்த யோசனையோடு அண்ணன் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறார். அண்ணன் கவரைப் பிரித்தார்.

விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகையால் பொரி வெறும் பொரி. இது நீங்கள் மனதுக்குள் போட்ட கணக்கு. குமாருக்கு அது கேட்டிருக்காது. "அண்ணனே சாப்பிடுகிறார், அப்படியென்றால் நான் எதற்கு அம்மாவை அழவைக்கவேண்டும்?" என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். வீட்டில் போய் நின்றார், விபூதி வைத்துக்கொண்டார், சாப்பிட்டார். அப்புறம் தனியாக இருக்கும்போது மனச்சாட்சி பேச ஆரம்பித்திருக்கும். ஞானஸ்நானத்தில் எல்லார் முன்னாலும் அறிக்கையிட்டதை மீறிவிட்டோம் என்று நம்புகிறவர் எப்படி அப்பத்துக்குக் கை நீட்டுவார்? இது என் ஊகம்தான், அவரிடம் கேட்டால் வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் வேறு மார்க்கத்திலிருந்து வந்த பலரோடு பேசியவன் என்கிற முறையில் சொல்கிறேன், அவர்களுக்குப் பெரும்பாலும் முதல் பண்டிகைதான் கஷ்டமானது.

நீங்கள் பவுலைச் சாட்சிக்கு அழைத்தீர்கள். சரி, அவரையே கேட்போம். விக்கிரகம் ஒன்றுமில்லை என்பது 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் 4ஆம் வசனம். அதோடு நிறுத்திவிட்டீர்கள். மூன்று வசனம் தள்ளி, இந்த அறிவு எல்லாரிடத்திலும் இல்லை என்கிறார். அப்புறம் ஒரு காட்சியைச் சொல்கிறார்: அறிவுள்ள நீ கோயில் பந்தியில் உட்கார்ந்திருப்பதைப் பலவீனமான ஒருவன் பார்த்தால், அவனும் துணிந்து சாப்பிடமாட்டானா? அடுத்த வசனம்: "பலவீனமுள்ள சகோதரன் உன் அறிவினிமித்தம் கெட்டுப்போகலாமா? அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே." பார்ப்பது, துணிவது, சாப்பிடுவது, மனம் கெட்டுப்போவது. உங்கள் கம்பெனியில் மத்தியானம் தொடங்கி குமார் வீட்டில் ராத்திரி முடிந்தது இதே வரிசைதான்.

பவுல் பொதுவாக ஏதோ தத்துவம் பேசினார் என்று நினைக்கவேண்டாம். அவர் இதை எழுதி அனுப்பிய கொரிந்து நகரத்தில் தோண்டிப் பார்த்தவர்கள், மருத்துவக் கடவுளான அஸ்க்லேப்பியஸின் கோயில் வளாகத்தில் சாப்பாட்டு அறைகளையே கண்டுபிடித்திருக்கிறார்கள், சாய்ந்து உட்காருகிற மேடைகளோடு. நாலு பேர் கூடிச் சாப்பிட அந்த ஊரில் இடம் கோயிலில் இருந்தது. சந்தையில் விற்ற இறைச்சியிலும் பலியிட்டதில் மிஞ்சியது கலந்திருக்கும். அதனால் பவுல் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போகவில்லை, இடம் பார்த்துச் சொல்கிறார். கும்பிடுகிற பந்தியில் உட்காராதே. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. அவிசுவாசியான ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டால், போக விருப்பமிருந்தால் போய், வைத்ததைச் சாப்பிடு. ஆனால் அங்கே ஒருவர் "இது படைத்தது" என்று எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே. இதெல்லாம் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, ஒருதரம் முழுவதுமாக வாசியுங்கள்.

இதில் உங்கள் கவர் எங்கே வரும்? பூஜை நேரத்தில் கேன்டீன் பக்கம் போய் நின்றீர்கள், அது சரி. கவரை வாங்கிக்கொண்டதும் சரி. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலம் டீயோடு சாப்பிட்டிருந்தால் நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். பொட்டு வைத்த மெஷின் பக்கத்தில், சூடம் அணைவதற்குள், குமார் பார்த்துக்கொண்டிருக்கப் பிரித்தீர்களே, அங்கேதான் பவுல் உங்கள் கையைப் பிடிப்பார். "இது படைத்தது" என்று குமார் வாய் திறந்து சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பெரியவர் கையிலும் வசனம் இருக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். எருசலேம் ஆலோசனைக் கூட்டம், அப்போஸ்தலர் 15, விக்கிரகங்களுக்குப் படைத்தவைகளுக்கு விலகியிருக்கச் சொல்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 2ஆம் அதிகாரத்தில் தியத்தீரா சபைக்கு இதே விஷயத்தில் கடுமையான கண்டிப்பு வருகிறது. தியத்தீரா ஒரு தொழில் ஊர். சாயத் தொழிலாளர், செம்பு வேலை செய்பவர், தோல் வேலை செய்பவர் என்று தொழிலுக்கு ஒரு சங்கம் அங்கே இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வேதத்தில் வருகிற, இரத்தாம்பரம் என்கிற ஊதாத் துணி விற்ற லீதியாளும் அந்த ஊர்க்காரிதான். சங்கம் என்றால் ஒரு காவல் தெய்வம், வருஷத்தில் சில விருந்துகள். சங்கத்தில் இல்லையென்றால் பிழைப்பு கஷ்டமாகியிருக்கும். பம்ப் கம்பெனி ஆயுத பூஜைக்கு வேதத்தில் இதைவிடப் பக்கமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே படைத்த எதையும் தொடுவதில்லை என்று இருக்கிற கிறிஸ்தவர்களை நான் குறைவாக நினைப்பதில்லை. கண்டிப்பின் குறி வழிபாட்டில் பங்குபெறுவதன்மேல் இருக்கிறது, வாங்கிய பொரியின்மேல் இல்லை என்பது என் வாசிப்பு. உங்கள் ஆயர் வேறுவிதமாகச் சொன்னால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

அப்போ உங்கள் சுயாதீனம் என்ன ஆச்சு? அது அப்படியேதான் இருக்கிறது. சாப்பிடவும் உரிமை உண்டு, சாப்பிடாமல் இருக்கவும் உரிமை உண்டு. பொரியை விட முடியாது என்கிற நிலைக்கு வந்தால்தான் அது போய்விட்டது என்று அர்த்தம். 1522இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் நடந்ததை நினைத்துக்கொள்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்களில் இறைச்சி கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். ஃப்ரோஷவர் என்கிற அச்சகக்காரர் வீட்டில், வேலை முடித்துக் களைத்திருந்த ஆட்களுக்குச் சாசேஜ் பரிமாறினார்கள். போதகர் ஸ்விங்லி அதே அறையில் இருந்தார். விஷயம் வெளியே போய் ஊரே கொதித்தது. இரண்டு வாரத்துக்குள் ஸ்விங்லி, உணவில் கிறிஸ்தவனுக்குச் சுயாதீனம் உண்டு என்று பிரசங்க பீடத்திலிருந்தே அந்த ஆட்களுக்காக வாதாடினார். பிரசங்கம் புத்தகமாகவும் வந்தது. ஆனால் அன்றைக்கு அந்தச் சாசேஜை அவர் மட்டும் சாப்பிடவில்லை. உரிமைக்காக அத்தனை பேசினவர் தன் தட்டைக் காலியாக வைத்துக்கொண்டார். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும்.

சரி, பெரியவருக்கு வருவோம்.

அவரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நீங்கள் பொரி சாப்பிட்டதைக் கேள்விப்பட்டு, அவர் நாளைக்குக் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டு வாங்குவாரா? மாட்டார். உங்கள் மனைவியின் நெயில் பாலிஷைப் பார்த்து அவர் விசுவாசம் ஆடிப்போகுமா? போகாது. அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடிக்காமல் இருக்க அவருக்கும் உரிமை உண்டு. ஆனால் பவுல் "என்றைக்கும் மாம்சம் புசியாதிருப்பேன்" என்றது, விழுந்துவிடக்கூடிய சகோதரனுக்காக. முகம் சுளிக்கிற எல்லாருக்காகவும் அதைச் சொல்லவில்லை. நம் சபைகளில் "சாட்சி கெட்டுப்போகும்" என்கிற வார்த்தை பெண்களின் நகைக்கும் வாலிபர்களின் தாடிக்கும் வந்துவிழுகிற வேகத்தில் வரதட்சணைக்கும் கந்துவட்டிக்கும் வருவதில்லை. என் மனதில் ரொம்ப நாளாக இருக்கிற குறை இது.

பவுலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். யூதர்களிடையே ஊழியத்துக்குப் போக வசதியாக, தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு யூதர்களின் சடங்கான விருத்தசேதனம் பண்ணுவித்தவர் அவர். அதே பவுல், இன்னொரு உடன் ஊழியரான தீத்துவுக்கும் அதைச் செய்தே ஆகவேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. செயல் ஒன்றுதான். அன்புக்காகச் செய்ய முடிந்ததை, சட்டமாக்கிக் கேட்டபோது செய்யமாட்டேன் என்றார். அந்தியோகியாவில் பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்துபோய், யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிடுவதை நிறுத்தினார். வந்தவர்கள் மனம் புண்படுமே, பாவம், என்று பவுல் விட்டாரா? முகத்துக்கு முன்பாக எதிர்த்தார்.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு கசப்பான சரித்திரம் உண்டு. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக அடியோடு ஒழியவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் எல்லாரும் பானம்பண்ணவேண்டும், தனித்தனி இடத்தில் உட்காரக்கூடாது. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் இதற்கு இணங்காமல் சபையைவிட்டே வெளியேறினார்கள். அவர்கள் மனமும் புண்பட்டதுதான். அந்தப் புண்ணுக்கு மருந்து போட, தாழ்த்தப்பட்ட சகோதரனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கலாமா? "பலவீனமான சகோதரன்" என்கிற பாதுகாப்பு, பலவீனமாக இருக்கிறவருக்குத்தான். சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர் அதைக் கேட்டால் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

இதைப் படித்துவிட்டு உங்களுக்கு உற்சாகம் வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள். பெரியவர் சத்தம் போட்ட விதம் தப்பு, ஆனால் குமாரைப் பற்றி அவர் சொன்னதில் பாதி நிஜம். அதைச் சொன்னது பிடிக்காத ஆள் என்பதற்காகத் தள்ளிவிட முடியாது. ரோமர் 14இல் "புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாயெண்ணாதிருப்பானாக; புசியாதிருக்கிறவனும் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதிருப்பானாக" என்று இருக்கிறது. அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி பெரியவருக்கு, முதல் பாதி உங்களுக்கு. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி எழுதியிருக்கிற தொனியில் அந்த அற்பமாக எண்ணுதல் எட்டிப்பார்க்கிறது. அவர் தலைமுறையில் கிறிஸ்தவனாக இருப்பதற்குக் குடும்பத்தையும் சொத்தையும் இழந்தவர்கள் இருந்தார்கள். கோலத்துக்கும் பொரிக்கும் அவர் பதறுவதற்குப் பின்னால் அப்படி ஏதாவது கதை இருக்கலாம். ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

அவரிடம் பேசும்போது தனியாகப் பேசுங்கள். "ஐயா, குமார் விஷயத்தில் நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, நான் அவரைப் போய்ப் பார்த்தேன். ஆனால் எல்லார் முன்னாலும் சொன்னது எனக்கும் கஷ்டமாக இருந்தது, அது குமார் காதுக்குப் போனால் அவருக்கு இன்னும் கஷ்டம்" என்று சொல்லுங்கள். நெயில் பாலிஷ், கோலம், கிரிக்கெட் மூன்றையும் அன்றைக்கு இழுக்கவேண்டாம். அவர் இழுத்தால், "அதில் எங்கள் மனதில் நிச்சயம் இருக்கிறது, ஐயா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள். அரிசி மாவில் நாலு புள்ளி வைப்பது வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுகிற விஷயம். அதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும். கிரிக்கெட்டுக்கு என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை, காலை ஆராதனைக்கு வந்துவிட்டுப் போகிறவரை.

உங்கள் மனைவி "நாலு பொரிக்கா" என்று கேட்டாரே, அவர் கேள்வி நியாயமானது. நாலு பொரிதான். அதனாலேயே விட்டுவிடுவது சுலபம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

வாழ்நாள் முழுக்க இப்படியே இருக்கவேண்டுமா என்றால், இல்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று பவுல் அறிவாளிகளுக்கு மட்டும் ரகசியமாக எழுதவில்லை. அந்தக் கடிதம் சபை கூடியிருக்கும்போது சத்தமாக வாசிக்கப்பட்டது. பலவீனரும் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். அவர்கள் என்றைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. குமாரும் வளருவார். எந்த வேகத்தில் என்பதைத்தான் நீங்கள் தீர்மானிக்க முடியாது. சில வருஷம் கழித்து அவரே பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரிக்கலாம். கடைசிவரை தொடவே மாட்டேன் என்றும் இருக்கலாம். இரண்டுமே நல்ல கிறிஸ்தவ வாழ்க்கைதான். "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே" என்று ரோமர் 14 முடிகிறது. மனம் ஒப்பாமல், உங்களைப் பார்த்து மட்டும் அவர் சாப்பிட்டால் அது அவருக்கு நல்லதில்லை. மனம் ஒப்பாமல், உங்களுக்குப் பயந்து மட்டும் சாப்பிடாமல் இருந்தாலும் அதில் பெரிய லாபம் இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு என்ன செய்வது? கவரை வாங்குங்கள். தயவுசெய்து வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போகாதீர்கள். மெஷினைக் கழுவி, கடைக்குப் போய், ராத்திரி உட்கார்ந்து கவர் கவராகக் கட்டியவர்கள் உங்களோடு வேலை பார்க்கிறவர்கள். சூப்பர்வைசர் நீட்டுவதை அருவருப்பாகத் தள்ளினால் அவர்கள் மனம் நோகும், அதுவும் சாட்சிதான். யூதருக்கும் கிரேக்கருக்கும் சபைக்கும் இடறலாக இருக்காதீர்கள் என்று பவுல் மூன்று பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறார். வாங்கி, "நன்றிங்க அண்ணா" என்று சொல்லிப் பையில் வையுங்கள். குமார் பார்வையில் பிரிக்கவேண்டாம். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாலேயே குமாரோடு பேசிவிடுங்கள்: நீ என்ன செய்யப்போகிறாய், நான் என்ன செய்யப்போகிறேன், ஏன். போன தடவை நடக்காமல் போனது அந்தப் பேச்சுதான். பூஜை நேரத்தில் கேன்டீன் பக்கம் நீங்கள் தனியாகப் போய் நின்றீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். குமார் அப்போது எங்கே இருந்தார் என்று எழுதவில்லை.

குமாரின் அம்மாவை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மகன் வேறு வழிக்குப் போய்விட்டான், இனி என் கையால் எதுவும் சாப்பிடமாட்டான் என்கிற பயம் அந்த அம்மாவுக்கு இருக்கும். படையலை மறுக்கிற பிள்ளை அம்மாவையே மறுப்பதாகத்தான் அங்கே தெரியும். அதனால் குமாரிடம், "படைக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிடும்மா, நீ செஞ்சது எனக்கு வேணும்" என்று அம்மாவிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் இது நடந்திருக்கிறது. சில வீடுகளில், சாமிக்குப் படைக்காமல் எடுக்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிடுவதும் உண்டு. அப்படியானால் முந்தின நாளோ மறுநாளோ அம்மாவோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடட்டும், பூஜைக்குப் பாத்திரம் கழுவிக் கொடுக்கட்டும், வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போடட்டும். கிறிஸ்துவிடம் வந்த பிறகு பிள்ளை முன்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறான் என்று அந்த அம்மா பக்கத்து வீட்டில் சொல்லவேண்டும்.

இப்போது குமாரைப் போய்ப் பார்ப்பது. கம்பெனியில் வைத்துப் பேசவேண்டாம், ஷிஃப்ட் முடிந்து பேக்கரியில் உட்காருங்கள். வேதாகமத்தை விரிக்காதீர்கள். "விக்கிரகம் ஒன்றுமில்லை, நீ ஏன் பயப்படுகிறாய்" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. ஏற்கெனவே விழுந்தவரிடம், விழுந்ததே அறிவில்லாததால்தான் என்று சொன்ன மாதிரி ஆகும். "அன்னைக்கு உன் பக்கத்துல நின்னு நான் யோசிக்காம சாப்பிட்டுட்டேன். உனக்கு அது எப்படி இருக்கும்னு கேக்கவே இல்லை. என்னை மன்னிச்சிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் பேசுகிறவரைக்கும் சும்மா இருங்கள். வீட்டில் நடந்ததை அவரே சொன்னால், அதற்காக ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை என்று சொல்லுங்கள். மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்குக் கடற்கரையில் காலைச் சாப்பாடு செய்து வைத்துக் கூப்பிட்டவர் அவர். சொல்லவில்லை என்றால் தோண்டாதீர்கள், டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், மறுவாரம் திரும்பப் போங்கள்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எழுந்தால் கூடப் போங்கள். எழவில்லை என்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், ஆயரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். கமிட்டிப் பெரியவரிடம் பேசுவதை இதெல்லாம் ஆன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே போனால் கோபத்தோடு போவீர்கள், அவரும் அன்றைக்குச் சொன்னதையே திரும்பச் சொல்வார்.